பிடி தளர்த்தும் கலை



மேடையில் திரை இல்லாததைப் பார்த்துச் சிலருக்கு ஏமாற்றம். ஒளிப்படங்களைப் பற்றிப் பேச வந்தவர் ஒரு படம்கூடக் காட்டமாட்டாரா என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார். அமைப்பாளர்கள் புரொஜெக்டருக்கு ஏற்பாடு செய்துதான் இருந்தார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். நான் சொல்லப்போகும் படைப்புகளில் ஒன்று மூன்றரை மீட்டருக்கு மேல் அகலம் கொண்டது. இன்னொன்றை உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம். திரையில் போட்டால் இரண்டும் ஒரே அளவாகிவிடும். ஒளிப்படத்துக்கு அளவு உண்டு, தாள் உண்டு, கையில் எடுத்தால் கனம் உண்டு. அதையெல்லாம் கைபேசி ஏற்கெனவே அழித்துவிட்டது. நானும் அதற்குத் துணைபோவானேன்? படங்களை வாயால் சொல்லியே காட்ட முயல்கிறேன். நீங்கள் பிறகு தேடிப் பாருங்கள்.

இக்காலக் கலை ஒளிப்படக்காரர்களில் உங்களுக்குப் பிடித்தவர்கள் யார், அவர்களிடம் உங்களை ஈர்ப்பது எது? இதுதான் எனக்குத் தரப்பட்ட தலைப்பு. பட்டியல் போடுவது எளிது. ஆனால் பட்டியலை வைத்துக்கொண்டு யோசித்தபோது, ஒருவருக்கொருவர் தொடர்பே இல்லாத இவர்களிடம் ஒரு பொதுக்குணம் தென்பட்டது. கேமராவைக் கையில் வைத்திருப்பவருக்கு அதிகாரம் அதிகம். எந்த நொடி, எந்தக் கோணம், எது உள்ளே, எது வெளியே, எல்லாம் அவர் முடிவு. படத்துக்குள் இருப்பவருக்கு ஒரு சொல் இல்லை. நான் சொல்லப்போகிறவர்கள் அந்த அதிகாரத்தில் ஒரு பங்கைத் தெரிந்தே கைவிட்டவர்கள். சிலர் காலத்திடம் விட்டார்கள், சிலர் தாங்களே வகுத்த விதியிடம், சிலர் எதிரே நிற்கும் மனிதரிடம். விட்ட இடத்தில் அவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் என் பேச்சு.

இதற்கு நேர் எதிரான வகையை நீங்கள் நன்றாக அறிவீர்கள். நம் ஊர் ஒளிப்படப் போட்டிகளுக்கு நடுவராகப் போனால் தெரியும். திருவண்ணாமலைச் சாமியாரின் முகச்சுருக்கம், குளத்தில் குதிக்கும் சிறுவன் அந்தரத்தில், திமிலைப் பிடித்திருக்கும் வீரன், செட்டிநாட்டு முற்றத்தில் சாய்ந்து விழும் வெயில். எல்லாம் கூர்மையாக இருக்கும், வண்ணம் சொட்டும். எடுத்தவர் நினைத்தது அப்படியே படத்தில் இருக்கும். அதற்குமேல் ஒன்றும் இருக்காது. இரண்டாம் முறை பார்க்க அங்கே எதுவும் மிச்சமில்லை.

முதலில் ஹிரோஷி சுகிமோட்டோ. 1948இல் டோக்கியோவில் பிறந்தவர். அமெரிக்காவில் படித்துவிட்டு 1974இல் நியூயார்க் வந்தார். அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாடம் செய்த விலங்குகளைத் தீட்டிய பின்னணியின் முன் நிறுத்தி, கண்ணாடிக்குள் காட்சியாக வைத்திருப்பார்கள். இரு கண்ணாலும் பார்த்தால் பொம்மை என்று தெரியும். ஒற்றைக் கண்ணை மூடினால் ஆழம் மறைந்து உயிர் வந்துவிடும். கேமராவுக்கு எப்போதும் ஒரு கண்தானே. 1976இல் அவர் எடுத்த பனிக்கரடி, தான் கொன்ற கடல்நாயின் மேல் நின்று கர்ஜிக்கிறது. செத்து எத்தனையோ காலம் ஆன கரடி அது.

அதே காலத்தில் அவருக்கு ஒரு விசித்திரமான கேள்வி எழுந்தது. ஒரு முழு சினிமாவையும் ஒரே ஃபிரேமில் பிடித்தால் என்ன ஆகும்? நியூயார்க்கின் ஒரு மலிவான திரையரங்குக்குப் பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு போனார். படம் தொடங்கும்போது ஷட்டரைத் திறந்தார். படம் முடியும்போது மூடினார். அவ்வளவுதான். நொடிக்கு 24 ஃபிரேம் என்று கணக்கிட்டால் இரண்டு மணி நேரப் படத்தில் 1,72,800 ஃபிரேம்கள். அத்தனையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிலிமில் விழுந்தன. கிடைத்தது ஒரு வெள்ளைச் செவ்வகம். காதலும் கொலையும் துரத்தலும் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆனால் அந்த வெண்மையின் வெளிச்சத்தில் அரங்கம் முழுவதும் துலங்குகிறது. தூண்களின் பூவேலை, பால்கனி வளைவு, வரிசை வரிசையாக நாற்காலிகள். படம் ஓடும்போது நாம் ஒருபோதும் பார்க்காதவை. பார்வையாளர்கள் யாரும் தெரிவதில்லை. இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்தால்தான் அந்தப் பிலிம் ஒருவரைப் பதிவுசெய்யும், நாம் யாரும் அப்படி உட்காருவதில்லை.

திரையரங்கில் பிள்ளைப்பருவத்தைக் கழித்த சமூகம் நம்முடையது. ஒற்றைத்திரை அரங்குகள் கல்யாண மண்டபங்களாகவும் கிடங்குகளாகவும் மாறியதைக் கண்ணால் கண்டவர்கள் நாம். சுகிமோட்டோவின் வெள்ளைத்திரை முன் நாம் நிற்பதும் ஒரு ஐரோப்பியர் நிற்பதும் ஒன்றல்ல என்று எனக்குத் தோன்றும். ஆனாலும் அவர் ஏக்கத்தை விற்கவில்லை. தீர்மானிக்க வேண்டிய முதல் விஷயமான நொடியை அவர் கையிலிருந்து விட்டுவிட்டார். படம் எவ்வளவு நேரம் ஓடுகிறதோ அதுவே அவருடைய ஷட்டர் வேகம்.

1980இல் அவர் தொடங்கிய கடல் வரிசை இன்னும் கண்டிப்பானது. பாதி வானம், பாதி நீர், நடுவில் அடிவானக் கோடு. படகு இல்லை, பறவை இல்லை, கரை இல்லை. தலைப்பில் கடலின் பெயர், இடம், ஆண்டு மட்டும். ஆதிமனிதன் பார்த்த ஒரு காட்சியை இன்றைக்கு நாமும் அப்படியே பார்க்க முடியுமா என்பது அவர் கேள்வி. மலைகூட மாறிவிடும், நிலம் மாறிவிடும், கடல் மாறாது என்பது பதில். பத்துக் கடல்களைச் சேர்த்துப் பார்க்கும்போது விதி மறைந்து வேறுபாடு மட்டும் தெரியத் தொடங்கும். ஒன்றில் அடிவானம் கத்தியால் கீறியதுபோல். இன்னொன்றில் மூடுபனி, கோடே இல்லை.

விதியைப் பற்றிப் பேசும்போது ஜெர்மனியின் பெர்ன்ட், ஹில்லா பெஹர் தம்பதியரைத் தாண்டிப் போக முடியாது. 1959 முதல் நீர்த்தொட்டிகள், சுரங்கக் கோபுரங்கள், ஊதுலைகள் என்று தொழிற்சாலைக் கட்டுமானங்களை மட்டும் எடுத்தார்கள். மேகம் மூடிய நாள், நிழல் விழக்கூடாது, நேர்முகப் பார்வை, மனிதர் யாரும் வேண்டாம். பிறகு ஒரே வகையைச் சேர்ந்தவற்றைக் கட்டம் கட்டமாக அடுக்குவார்கள். 1990 வெனிஸ் பினாலே கலைவிழாவில் இந்த ஒளிப்படங்களுக்குக் கிடைத்தது சிற்பத்துக்கான தங்கச் சிங்க விருது. அழகாக எடுக்கும் ஆசையை இவ்வளவு பிடிவாதமாக அடக்கிக்கொண்டவர்கள் குறைவு. ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன்: இருபது நீர்த்தொட்டிகளுக்குப் பிறகு எனக்குக் கொட்டாவி வரும். நாற்பதாவதில் மறுபடி விழித்துக்கொள்வேன்.

இங்கே ஒரு ஆட்சேபணை எழவேண்டும். பெஹரின் மாணவர் ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி எதையும் விட்டுக்கொடுக்காதவர். அவருடைய ‘ரைன் II’ 1999இல் உருவானது. பச்சைப் புல், சாம்பல் நிற ஆறு, மறுபடி பச்சை, மேலே வெளுத்த வானம், எல்லாம் கிடைக்கோடுகளாக. அங்கே இருந்த கட்டடத்தையும் நடைபயின்றவர்களையும் கணினியில் அழித்துவிட்டார். தான் விரும்பிய ஆறு கிடைக்கும்வரை ஆற்றைத் திருத்தினார். 2011 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் அது 43 லட்சம் டாலருக்கு மேல் போனது. அன்றைய நிலையில் ஒரு ஒளிப்படத்துக்கு அதுவே உச்ச விலை. மூன்றரை மீட்டர் படம் என்று நான் சொன்னது இதைத்தான். எனக்கு அது பிடிக்கிறது, மறுக்கமாட்டேன். அதன் முன் நின்றால் பிரமிப்பு வரும். ஆனால் பிரமிப்பு தீர்ந்ததும் நான் நகர்ந்துவிடுகிறேன். சுகிமோட்டோவின் சிறிய கடலிடம் திரும்பி வருகிறேன். இது என் குறையாகவும் இருக்கலாம்.

இனி நம் பக்கம் வருவோம். தயானிதா சிங் 1961இல் டெல்லியில் பிறந்தவர், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் படித்தவர். 1989இல் லண்டன் நாளிதழ் ஒன்றுக்காகத் திருநங்கையரைப் படமெடுக்கப் போன இடத்தில் மோனா அகமதைச் சந்தித்தார். அன்று முழுதும் படமெடுத்தார். படங்கள் லண்டனில் வெளிவரும் என்று தெரிந்ததும் மோனா தயங்கினார். அங்கே அவருக்கு உறவினர்கள் இருந்தார்கள். தயானிதா பிலிம் சுருள்களை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். செய்திப் படக்காரர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய தொழில் துரோகம் இருக்க முடியாது. 2017இல் மோனா சாகும்வரை நீண்ட ஒரு நட்பு அந்தத் துரோகத்திலிருந்துதான் தொடங்கியது. 2001இல் வந்த ‘மைசெல்ஃப் மோனா அகமது’ நூலில் படங்கள் தயானிதாவுடையவை; எழுத்து மோனாவுடையது, பதிப்பாளருக்கு அவர் எழுதிய மின்னஞ்சல்களாக. டெல்லியில் ஒரு இடுகாட்டில் வீடு கட்டிக்கொண்டு வாழ்ந்த மோனா, தன்னைப் பற்றித் தானே பேசுகிறார். அவரை நமக்கு விளக்கிச் சொல்ல நூலில் வேறு யாரும் இல்லை.

தயானிதா அடுத்து விட்டுக்கொடுத்தது அதைவிட விநோதமானது: படங்களின் வரிசையை. 2008இல் வந்த ‘சென்ட் எ லெட்டர்’ ஏழு சின்னஞ்சிறு மடிப்பு நூல்கள் கொண்ட ஒரு பெட்டி. உள்ளங்கையில் வைக்கலாம் என்று சொன்னேனே, அது. நீட்டி விரித்து மேசையில் நிறுத்தினால் அதுவே கண்காட்சி. அலகாபாத், கல்கத்தா, வாரணாசி என்று போகும் அந்த வரிசையில் ஒன்று பத்மநாபபுரம். நம் கன்னியாகுமரி மாவட்டத்து அரண்மனை. இன்னொன்று அவருடைய அம்மா நோனி சிங் எடுத்த படங்கள். கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் ஒரு நகைக்கடையின் கண்ணாடிப்பெட்டிக்குள் இந்த நூல்கள் காட்சிக்கு இருந்தன. கலைக்கூடத்துக்குப் போகாதவர்கள் வளையல் பார்க்க வந்து ஒளிப்படமும் பார்த்தார்கள்.

பிறகு மரத்தால் ஆன நடமாடும் ‘அருங்காட்சியகங்களை’ செய்தார். கதவுபோல் திறந்து மூடும் சட்டங்கள். உள்ளே பல பத்துப் படங்கள். இன்றைக்கு ஒன்று வெளியே, நாளைக்கு அது உள்ளே போய் வேறொன்று. ‘கோப்பு அருங்காட்சியகம்’ அவற்றில் எனக்கு மிக நெருக்கமானது. ஆவணக் காப்பறைகள், மேலே முட்டும் அலமாரிகள், துணியில் கட்டிய காகித மூட்டைகள். நம் தாலுகா அலுவலகத்துப் பழைய பதிவறைக்குள் ஒருமுறை போய்வந்தவர்களுக்கு அந்தப் படங்களின் தூசு மூக்கில் ஏறும். யாருடைய நிலம், யாருடைய வழக்கு, யாருடைய பிறப்பு என்று ஒன்றும் தெரியாது. 2022இல் அவருக்கு ஒளிப்படத்துக்கான ஹாசல்பிளாட் விருது கிடைத்தது. தெற்காசியாவிலிருந்து அதைப் பெற்ற முதல் கலைஞர் அவர்தான்.

எதிரே நிற்பவரிடம் அதிகாரத்தைக் கொடுப்பதில் கௌரி கில் போன தூரம் வேறு யாரும் போனதாக நான் நினைக்கவில்லை. 1970இல் சண்டிகரில் பிறந்தவர். 1999 முதல் மேற்கு ராஜஸ்தான் பாலைநிலக் கிராமங்களுக்குப் போய்க்கொண்டே இருக்கிறார். பாலைவனம் என்றால் நமக்கு நாட்காட்டியில் தெரிவது ஒட்டகமும் சிவப்புத் தலைப்பாகையும். கௌரியின் படங்கள் கறுப்பு வெள்ளை. பள்ளிக்கூடம், காய்ச்சல், வறட்சி, கல்யாணம், சாவு. ஒரு முதிய மருத்துவச்சி, தன் பேத்தி பிறப்பதைப் படமெடுக்கத் தானே கௌரியை அழைத்தார். மண் தரையில் நடக்கும் அந்தப் பிரசவத்தை எடுக்க யாராலும் அனுமதி கேட்டுப் பெற முடியாது. அழைப்பு வந்தால்தான் உண்டு. பல ஆண்டுகள் போய்வந்த பிறகுதான் அப்படி ஒரு அழைப்பு வரும். இந்தப் பாலைநிலப் படத் தொகுப்புக்காகவே 2023இல் பிரி பிக்டே ஒளிப்பட விருது அவருக்குக் கிடைத்தது.

2003இல் பிகானேர் மாவட்டம் லூன்கரன்சரில் ஒரு தொண்டு நிறுவனம் பெண்பிள்ளைகளுக்காகத் திருவிழா நடத்தியது. கௌரி அங்கே கூடாரத்தில் ஒரு ஸ்டுடியோ போட்டார். யாரோடு நிற்பது, எதைக் கையில் பிடிப்பது, சிரிப்பதா முறைப்பதா, எல்லாம் பிள்ளைகள் முடிவு. தோழிகள் இருவர் கைகோத்து நிற்கிறார்கள். ஒருத்தி தனியே, கேமராவை எடைபோடுவதுபோல் பார்க்கிறாள். பரிதாபத்துக்கு அந்தப் படங்களில் இடமே இல்லை.

மகாராஷ்டிரத்தின் ஜவ்ஹர் பகுதியில் காகிதக்கூழால் முகமூடி செய்யும் பழங்குடிக் கலைஞர்கள் இருக்கிறார்கள். திருவிழாவுக்குத் தேவர்களின் முகங்களைச் செய்வார்கள். 2015இல் கௌரி அவர்களிடம் கேட்டது வேறு: உங்கள் அன்றாடத்தின் முகங்களைச் செய்யுங்கள். பறவை, விலங்கு, கிழவி, தொலைக்காட்சிப் பெட்டி, கைபேசி எல்லாம் முகமூடியாயின. அவற்றை மாட்டிக்கொண்டு ஊர்க்காரர்களே மருத்துவமனைக் கட்டிலில் படுக்கிறார்கள், கடையில் நிற்கிறார்கள். பார்க்கச் சிரிப்பு வரும். கொஞ்ச நேரத்தில் ஒன்று உறைக்கும்: பழங்குடியினரின் முகத்தை அளந்தும் ரசித்தும் பழகிய கேமராவுக்கு இந்த மக்கள் முகத்தைக் காட்டவில்லை; எதைக் காட்ட விரும்பினார்களோ அதை மட்டும் காட்டியிருக்கிறார்கள்.

அதைவிட ஒரு படி மேல், டஹாணுப் பக்கத்து வார்லி ஓவியர் ராஜேஷ் வங்காடுடன் 2013 முதல் அவர் செய்துவரும் பணி. கௌரி அந்த ஊரின் நிலத்தைப் படமெடுத்தார். ராஜேஷ் சொன்ன கதைகள் எதுவும் அந்தப் படங்களில் இல்லை. வெறும் வயல், வெறும் குன்று. ஆகவே பிரிண்டை ராஜேஷிடமே கொடுத்தார். வானத்தின் மேலும் வயலின் மேலும் ராஜேஷ் மையால் நுணுக்கி நுணுக்கி வரைந்தார்: தெய்வங்கள், பஞ்சம், வெட்டப்பட்ட காடு, வந்துபோன ஆலைகள். படைப்பில் இருவர் பெயரும் இருக்கும். பெயரையே பங்கிடுவது கலைச் சந்தையில் சாதாரண விஷயமல்ல.

அளந்த கேமரா என்றேன். அந்தக் கதை சென்னையிலும் நடந்தது. 1885 முதல் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்திய மக்களின் தலையையும் மூக்கையும் கருவிகளால் அளந்து குறித்துக்கொண்டவர். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ ஒளிப்படங்களால் நிறைந்தது. இந்த மரபுக்கு பெங்களூரைச் சேர்ந்த புஷ்பமாலா சொன்ன பதில்தான் நான் மிகவும் ரசிக்கும் பதில். 1956இல் பிறந்தவர்; சிற்பியாகப் பயின்றவர். கிளேர் ஆர்னி என்ற ஒளிப்படக்காரருடன் சேர்ந்து 2000 முதல் 2004 வரை ‘தென்னிந்தியாவின் சுதேசிப் பெண்கள்’ என்ற வரிசையைச் செய்தார். கேமராவுக்கு முன்னால் நிற்பவர் அவரே. கட்டம் போட்ட அளவுத்திரையின் முன் தோடர் பெண்ணாக நிற்கிறார். ரவிவர்மாவின் தாமரை லட்சுமியாக நிற்கிறார். நம் வீட்டுப் பூஜையறைகளில் மாட்டிய அதே லட்சுமி. வேளாங்கண்ணி மாதாவாகிறார். தமிழ்ப்பட ஸ்டில் ஒன்றிலிருந்து சாட்டை பிடித்த ஜெயலலிதாவாகவும் ஆகிறார்.

இதை மாறுவேடப் போட்டி என்று ஒதுக்கிவிடக் கூடாது. தீட்டிய திரை, வாடகை நகை, ஜிகினா எல்லாம் பொய் என்று தெரியும்படியே வைத்திருக்கிறார். தோடர் பெண்ணின் படம் அறிவியல், லட்சுமி படம் பக்தி, ஜெயலலிதா படம் சினிமா என்று நாம் தனித்தனிப் பெட்டிகளில் வைத்திருந்தோம். ஒரே உடம்பு மூன்றிலும் நின்றதும் பெட்டிகள் கலைந்துவிடுகின்றன. மூன்றுமே யாரோ ஒருவர் ஒரு பெண்ணை நிறுத்திவைத்த விதம்தான். 2019இல் சென்னை ஒளிப்பட பினாலேயின் இரண்டாம் பதிப்புக்குக் கலை இயக்குநராக இருந்தவரும் இவரே. அவர் அளவுக்குச் சிரிக்கத் தெரிந்த கலைஞர் நம் ஒளிப்பட உலகில் அதிகம் இல்லை.

சோராப் ஹூராவைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நேரமாகிவிட்டது. 1981இல் பிறந்தவர், மேக்னம் ஒளிப்படக் குழுவைச் சேர்ந்தவர். 2019இல் பாரிஸ் ஃபோட்டோ அப்பர்ச்சர் விருது பெற்ற அவருடைய ‘தி கோஸ்ட்’ நூலில் தலையை இழந்த ஒரு பெண்ணின் கதை சிறுசிறு மாற்றங்களோடு திரும்பத் திரும்ப வருகிறது. படங்களும் அப்படியே: ஒரு படம் முந்தைய பக்கத்தில் ஒன்றோடு ஜோடி, அடுத்த பக்கத்தில் வேறொன்றோடு. ஜோடி மாறியதும் பொருள் மாறுகிறது. ரத்தம் என்று நினைத்தது சாயமாகிறது, அணைப்பு என்று நினைத்தது அடியாகத் தெரிகிறது. வதந்தி கைபேசியில் பரவும் நாட்டுக்கு இது பொருத்தமான வடிவம். இதே பெயரில் அவர் எடுத்த காணொளி, தமிழ்நாட்டுக் கடற்கரைத் திருவிழா ஒன்றின் இரவு. பக்தர்கள் அலைக்குள் இறங்கி விழுந்து எழுகிறார்கள்.

இத்தனை பேரையும் ஒரே அளவுகோலால் அளந்துவிட்டேன். அந்த அளவுகோலில் எனக்கே ஒரு சந்தேகம் உண்டு. பங்கிட்டுக் கொடுப்பதற்கு முதலில் கையில் ஏதாவது இருக்க வேண்டும். கூடாரம் போட்டவர் கௌரிதான், மோனாவின் நூலுக்குப் படங்களை எடுத்தவர் தயானிதாதான். கேமரா கையில் இல்லாமலேயே தலைமுறைகளைக் கழித்தவர்கள் என்ன செய்வார்கள்?

மதுரைக்குப் பக்கத்தில் வாடிப்பட்டியைச் சேர்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரனின் படங்களை நினைத்துக்கொண்டுதான் இதைக் கேட்கிறேன். தலித் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய பாட்டி பொன்னுத்தாய், ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக ஊரில் பள்ளிக்கூடம் தொடங்கியவர். 2020 ஊரடங்கில் ஊர் திரும்பிய ஜெய்சிங், தன் வீட்டையும் வீட்டு மனிதர்களையும் எடுக்கத் தொடங்கினார். மீனைப்போலத் தன்னை உணர்வதாகச் சொல்லும் தலைப்பு அந்த வரிசைக்கு. பத்திரிகைப் படங்களில் தலித் வீடு என்றால் எரிந்த கூரை, அழும் தாய், பிணம். நடந்தவை அவை, மறுப்பதற்கில்லை. ஆனால் மதியம் தூங்குவதும், மாடியில் பிள்ளைகள் விளையாடுவதும், ஒருவர் தலையை ஒருவர் வாருவதும் அந்தக் கேமராக்களுக்கு முன் ஒருபோதும் நடந்ததில்லை. ஜெய்சிங்கின் வீட்டில் நடக்கின்றன.

இந்தப் படங்களில் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்ற முடிவு முழுக்க ஜெய்சிங் கையில் இருக்கிறது. இருக்கட்டும். அவரிடம் போய்ப் பிடியைத் தளர்த்துங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அடுத்த ஆண்டு இந்த மேடையில் ஒளிப்படத்தைப் பற்றிப் பேச யாரையாவது அழைப்பதாக இருந்தால், வாடிப்பட்டிக்குக் கடிதம் போடுங்கள். அவர் வந்தால் திரை போட்டுக்கொள்வதா வேண்டாமா என்பதையும் அவரையே கேட்டுக்கொள்ளலாம்.